சின்ன ஸ்க்ரூ டிரைவரின் பெரிய கதை



"பி.காம். படிக்கிறவனுக்கு ஸ்க்ரூ டிரைவரோட என்னடா வேலை?" என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்பது எனக்கு இங்கேயே காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

போன செமஸ்டரில் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி என் கால்குலேட்டரில் 7-ஆம் நம்பர் பட்டன் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் நான்கு பொடி ஸ்டார் ஸ்க்ரூ. எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே கருவி கரண்ட் பார்க்கிற டெஸ்டர்தான். (நம் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அதுதானே ஸ்க்ரூ டிரைவர், உளி, பெயிண்ட் டப்பா திறக்கிற நெம்புகோல் எல்லாம்!) அதன் நுனியைக் கொடுத்துத் திருகினேன். மூன்று கழன்றன. நான்காவதன் தலை வழவழவென்று தேய்ந்துவிட்டது.

நல்லவேளை, பரீட்சை மதியம்தான். காலையில் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஆவடிக்கு ஓடினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. அந்த அண்ணன் பார்த்த உடனே கேட்டார்.

"டெஸ்டரால திருகினியா தம்பி?"

"ஆமாண்ணே."

"பொருந்துற டிரைவர் இல்லன்னா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கணும்."

ஒரு ரப்பர் பேண்டைத் துண்டாக வெட்டி, தேய்ந்த தலையின் மேல் வைத்து, அதன் மேல் டிரைவரை அழுத்திப் பொறுமையாகத் திருப்பினார். தேய்ந்த பள்ளத்தை ரப்பர் அடைத்துக்கொள்ள, ஸ்க்ரூ கழன்று வந்தது. காசு வாங்கவில்லை. அவர் மேஜை மேல் ஒரு ஸ்டாண்டில் முப்பது டிரைவராவது இருக்கும். எல்லாம் பேனாவைவிட ஒல்லி. ஒவ்வொன்றின் நுனியும் ஒவ்வொரு வடிவம். எதற்கு இத்தனை? இந்தக் கேள்வியோடு பரீட்சை முடிந்ததும் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது கருவியின் கதை மட்டுமல்ல, வியாபாரத்தின் கதையும்கூட என்று தெரிந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடிகாரக்காரர் கொடுத்த சொத்து

இந்த ஒல்லி டிரைவர் எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. கடிகாரம் செய்பவர்களிடமிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்ற ஊரில் இருக்கும் பெர்ஜியான் நிறுவனம் 1791-இல் தொடங்கியது. கடிகாரக் கருவிகளுக்கு இன்றும் பெயர் பெற்றது. அங்கே டிரைவர்களுக்கு நிறம் உண்டு. நுனியின் அகலம் 0.8 மி.மீ. என்றால் மஞ்சள், 1 மி.மீ. என்றால் கறுப்பு, 1.2 மி.மீ. என்றால் சிவப்பு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேலை செய்பவர், தலையைத் திருப்பாமல் நிறத்தைப் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு விசேஷம், பிடியின் உச்சியில் தனியாகச் சுழலும் ஒரு குமிழ். ஆள்காட்டி விரலை அதன் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு, கட்டைவிரலாலும் நடுவிரலாலும் உடம்பை மட்டும் உருட்ட வேண்டும். அழுத்தம் நேராகக் கீழே போகும், நுனி வழுக்காது. உங்கள் வீட்டில் இருக்கும் மலிவு செட்டிலும் இந்தக் குமிழ் இருக்கும், பாருங்கள். எத்தனையோ தலைமுறைக் கடிகாரக்காரர்களின் அனுபவம் அந்தக் குமிழில் இருக்கிறது.

நம் நாட்டில் எச்.எம்.டி. நிறுவனம் 1961-இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஆரம்பித்தது. சாவி கொடுக்கிற அந்த வாட்சுகள் ஊரெங்கும் பரவ, பஸ் நிலையங்களிலும் கடைத்தெரு ஓரங்களிலும் கண்ணாடிப் பெட்டி வைத்த வாட்ச் ரிப்பேர்காரர்களும் பரவினார்கள். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை உருவாக்கி, ஓசூரில் குவார்ட்ஸ் வாட்சுகளைத் தயாரித்தார்கள். குவார்ட்ஸ் வந்ததும் ரிப்பேர் வேலை பெரும்பாலும் பேட்டரி மாற்றுவதாகச் சுருங்கியது. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பொருள் மாறினால், அதைத் திறக்கிறவனின் பிழைப்பும் மாறும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ரேடியோவும் டேப் ரெக்கார்டரும்

அடுத்தது ரேடியோ. இதில் ஒரு வேடிக்கை. ஸ்டேஷன் சரியாக எடுக்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஐ.எஃப். காயில்களைத் திருப்பிச் சரி செய்ய வேண்டும். ஆனால் அதை இரும்பு டிரைவரால் செய்யக்கூடாது. இரும்பு பக்கத்தில் வந்தாலே காயிலின் குணம் மாறிவிடும். சரியாக இருக்கிறது என்று நினைத்து டிரைவரை எடுத்தால், மறுபடி விலகிப் போயிருக்கும்! அதனால் பிளாஸ்டிக்கில் செய்த டிரைவர் வைத்திருப்பார்கள். காயிலின் நடுவில் இருக்கும் ஃபெரைட் துண்டு சாக்பீஸ் மாதிரி, அழுத்தினால் உடைந்துவிடும்.

டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்னொரு ஸ்க்ரூவைப் பற்றிச் சொல்வார்கள். கேசட்டைத் தொடும் 'ஹெட்' பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாகக் கேட்கும். பாட்டை ஓடவிட்டபடியே அந்த ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால், தாளக்கருவிகளின் சத்தம் திடீரென்று 'பளிச்'சென்று வரும். காதால் கேட்டுக்கொண்டே கையால் செய்கிற வேலை இது. சரியான இடம் கிடைத்ததும் ஸ்க்ரூ அசையாமல் இருக்க ஒரு சொட்டு பெயிண்ட் வைத்துவிடுவார்கள்.

ஸ்டார் எப்படி ஜெயித்தது?

இப்போது நம் சப்ஜெக்ட், காமர்ஸ்! பழைய ஸ்க்ரூக்களுக்கு ஒரே ஒரு நேர்க்கோடு பள்ளம்தான். டிரைவர் பக்கவாட்டில் வழுக்கி ஓடும். கனடாவில் பி.எல். ராபர்ட்சன் என்பவர் 1908-இல் சதுரப் பள்ளம் வைத்த ஸ்க்ரூவைக் கொண்டுவந்தார். வழுக்கவே வழுக்காது. ஹென்றி ஃபோர்டு தன் கார்களுக்கு அதை விரும்பினார். கூடவே அதன் உரிமையிலும் பிடி வேண்டும் என்றார். ராபர்ட்சன் மறுத்துவிட்டார் என்று சொல்கிறார்கள். விளைவு, நல்ல சரக்காக இருந்தும் அது பெரும்பாலும் கனடாவுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் வேறு வழியில் போனார். இன்னொருவர் கண்டுபிடித்திருந்த கூட்டல்குறிப் பள்ளத்தின் உரிமையை வாங்கி, அதை மேம்படுத்தி, 1936-இல் காப்புரிமை பெற்றார். தானே தயாரிக்காமல், ஸ்க்ரூ கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து ராயல்டி வாங்கினார். காடிலாக் கார் தொழிற்சாலை முதலில் பிடித்துக்கொண்டது. அப்புறம் உலகமே. நாம் 'ஸ்டார்' என்று சொல்வது இதைத்தான். ஒருவர் இறுக்கிப் பிடித்தார்; இன்னொருவர் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார். திறந்துவிட்டவர்தான் உலகத்தைப் பிடித்தார்.

ஸ்டாரிலும் அளவுகள் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு ஒற்றை சைபர், இரட்டை சைபர், மூன்று சைபர். கணக்குப் புத்தகத்தில் சைபர் கூடினால் தொகை பெரிதாகும், இங்கே சைபர் கூடினால் நுனி சின்னதாகும் :-) இது போதாதென்று ஜப்பானியப் பொருட்களில் வரும் ஸ்டார் கொஞ்சம் வேறு. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சாதா ஸ்டார் டிரைவரை அதில் போட்டால் முழுசாக உட்காராமல் தலையைத் தேய்த்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூரும் ஆவடியும்

1967-இல் அமெரிக்காவின் கேம்கார் நிறுவனம் ஆறு இதழ்ப் பூ மாதிரியான 'டார்க்ஸ்' வடிவத்தைக் கொண்டுவந்தது. வழுக்காமல் முழு பலத்தையும் தாங்கும் என்பதால் மெஷின் வைத்து வேகமாக முடுக்கும் தொழிற்சாலைகளுக்கு ரொம்ப வசதி. நம் ஊர் செல்போன் கடைகளில் இது பிரபலமானது நோக்கியாவால். நோக்கியா போன்களில் டி6 அளவு டார்க்ஸ் ஸ்க்ரூ இருக்கும். அந்த ஒரு டிரைவர் இருந்தால் போதும், கடை போட்டுவிடலாம் என்ற காலம் அது. 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை திறந்தது. ரிச்சி தெருவில் உதிரி பாகம் வாங்கி வந்து, ஆவடியிலும் அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் தெருவுக்கு ஒருவர் போன் ரிப்பேர் கடை வைத்தார்கள். நோக்கியா தொழிற்சாலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது.

எங்கள் தெருவில் ஓர் அக்கா சில வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு போன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே டிரைவர் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"மேலேருந்து ஒயர்ல தொங்கும்டா. ஸ்க்ரூ மேல வெச்சா தானா சுத்தும், போதும்னா டக்குனு அதுவா நின்னுடும். எவ்ளோ இறுக்கணும்னு நாம யோசிக்கவே வேணாம்" என்றார்.

ஆவடிக் கடை அண்ணனிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எனக்கு அந்த 'டக்' விரல்லதான் இருக்கு" என்றார். யோசித்துப் பாருங்கள். போனை மூடுகிற கையும் திறக்கிற கையும் இதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஒன்று கம்பெனி சம்பளத்தில், இன்னொன்று ஒண்டிக் கடையில்.

ஸ்க்ரூவே பூட்டானால்...

2009-இல் ஆப்பிள் நிறுவனம் தன் லேப்டாப்பின் பேட்டரிக்கு ஐந்து இதழ் வைத்த புது ஸ்க்ரூவைப் போட்டது. 'பென்டலோப்' என்று பெயர். அடுத்து ஐபோன் 4-க்கும் அது வந்தது. முதலில் ஸ்டார் ஸ்க்ரூவோடு விற்ற போன்கள்கூட ஆப்பிள் கடைக்கு சர்வீசுக்குப் போனால் பென்டலோப் மாட்டித் திரும்பி வந்தன என்று அமெரிக்காவின் ஐஃபிக்ஸிட் நிறுவனம் 2011 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. 2016-இல் ஐபோன் 7-க்குள் மூன்று கால் வடிவ ஸ்க்ரூவும் சேர்ந்தது. முன்பெல்லாம் புது வடிவம் வந்தது நன்றாக முடுக்குவதற்காக. இந்த முறை வெளியாட்கள் திறக்காமல் இருப்பதற்காக என்று ரிப்பேர் செய்பவர்கள் குற்றம்சாட்டினார்கள்.

ஆனால் ஸ்க்ரூ பூட்டு ரொம்ப நாள் தாங்கவில்லை. அந்த வடிவத்துக்கும் டிரைவர் செய்துவிட்டார்கள்; இன்று மலிவான செட்டிலேயே பென்டலோப் இருக்கிறது. பூட்டு இடம் மாறியது, அவ்வளவுதான். 2019-இல் வந்த ஐபோன் 11-இல் வெளியே திரை மாற்றினால், இது அசல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்று போனே எச்சரிக்கை காட்டியது. மென்பொருளுக்குள் இருக்கும் பூட்டைத் திறக்க எந்த டிரைவரும் உதவாது. அதே ஐபோன் 11 மறுவருஷமே ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையில் தயாரானது என்பதுதான் இதில் விசேஷம். இங்கே செய்கிற பொருளை இங்கே இருப்பவர் திறந்தால், அந்தப் பொருளே புகார் சொல்கிறது!

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பேட்டரியைத் தப்பாகக் குத்தினால் தீப்பிடிக்கும். ஐபோனில் ஒவ்வொரு துளைக்கும் ஒவ்வொரு நீள ஸ்க்ரூ. நீளமானதை மாற்றிப் போட்டால் அது போர்டையே துளைத்துவிடும். கடை அண்ணன் ஒரு வெள்ளைத் தாளில் போனின் படம் வரைந்து, கழற்றும் ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே வைப்பது இதனால்தான். ஆக, தேவை திறமை. திறமை இருப்பவனையும் சேர்த்து வெளியே நிறுத்துவது எப்படிச் சரியாகும்?

நம் நாட்டில் மத்திய அரசு 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பர் 24-ஆம் தேதி, நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கியது. நல்ல ஆரம்பம். ஆனால் உதிரி பாகமும் சர்வீஸ் கையேடும் ஆவடிக் கடை மேஜை வரைக்கும் வந்து சேர்ந்தால்தான் அது உரிமை.

வாட்ச் ரிப்பேர்காரரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? போன வாரம் மறுபடி கடைக்குப் போயிருந்தேன். அண்ணன் சொன்னார்: "எங்கப்பா பொட்டியில வாட்ச் டிரைவர் இருந்துச்சு. அவர் தொழிலை பேட்டரி எடுத்துக்கிச்சு. என் தொழிலை எது எடுக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

அந்த அப்பாவின் பழைய டிரைவர் ஒன்று இன்னும் ஸ்டாண்டில் இருக்கிறது. பிடியில் மஞ்சள் வளையம், 0.8 மி.மீ. நுனியைத் தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்டது. என் கால்குலேட்டரின் 7-ஆம் பட்டனுக்கு அடியில் சிக்கியிருந்த பிஸ்கட் தூளை அவர் எடுத்தது அதனால்தான்.

நான் அறுபது ரூபாய்க்கு ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறேன். டெஸ்டர் இனி கரண்ட் பார்க்க மட்டும்! நீங்களும் உங்கள் தெருவில் ரிப்பேர் கடை இருந்தால், புதுசு வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை அங்கே காட்டிப் பாருங்கள்.

மீண்டும் அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.