மூணு சீட்டு: சூதாட்டமா, கைவித்தையா?

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் துண்டை விரித்து, மூன்று சீட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு "ராணி எங்கே?" என்று கேட்பவனை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். (ஃப்ளஷ் ஆட்டத்துக்கும் நம்மூரில் மூணு சீட்டு என்றுதான் பெயர். இது அதுவல்ல!) பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பொன்தோ' என்பார்கள்.

சூட்சுமம் சின்னதுதான். ஒரே கையில் இரண்டு சீட்டுகள், ஒன்றின் கீழ் ஒன்று. கையை வீசும்போது கீழ்ச் சீட்டுதான் விழும் என்று கண் நம்புகிறது. விழுவதோ மேல் சீட்டு. எர்ட்னேஸ் என்ற புனைபெயரில் 1902-ல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம் இதைப் படிப்படியாக விளக்குகிறது. போதாததற்கு, பக்கத்தில் நின்று ஜெயித்துக் காட்டுகிற வழிப்போக்கனும் அவன் ஆள்தான். ஆக, மூன்றில் ஒன்று என்ற வாய்ப்புகூட உங்களுக்குக் கிடையாது.

அப்படியானால் இது சூதாட்டமா, மோசடியா? புதுச்சேரியில் இந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு நாட்டுச் சட்டங்கள் இருக்கின்றன. 1819 ஜனவரி 6 ஆணையின்படி பிரான்சின் சட்டத் தொகுப்புகள் இங்கே நடைமுறைக்கு வந்தன. அவற்றில் 1810-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டமும் ஒன்று. அதன் 475-ஆவது பிரிவுப்படி, தெருவில் 'அதிர்ஷ்ட ஆட்டம்' நடத்தினால் பிரான்சில் அபராதம் வெறும் 6 முதல் 10 ஃபிராங்க். அதையே 405-ஆவது பிரிவின் கீழ் மோசடி என்று பார்த்தால் 1 முதல் 5 ஆண்டு சிறை! அதிர்ஷ்ட ஆட்டம் என்று முடிவானால் 477-ஆவது பிரிவுப்படி பந்தயப் பணமும் பறிமுதல். அதாவது அன்றைய கூலியைத் தோற்றவனுக்கு அது திரும்பாது, சர்க்காருக்குப் போய்விடும்.

1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1963 அக்டோபரில் இந்திய தண்டனைச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் பழைய குழப்பம் போகவில்லை. 1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியை முக்கியமாகத் திறமை ஆட்டம் என்றது. ஃப்ளஷ் வெறும் அதிர்ஷ்டம் என்றது. துண்டு விரித்தவனின் மூணு சீட்டு இந்த இரண்டு கூடையிலும் சேராது. திறமை ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது, அதிர்ஷ்டம் எந்தப் பக்கமும் இல்லை. அதற்குப் பொருத்தமான இடம் நானூற்றி இருபதுதான் (2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 318).

இதை வித்தை என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் வித்தைக்காரர்களே. பிரெஞ்சு மேஜிக் மேதை ராபேர்-ஊதேன் 1861-லேயே சீட்டு மோசடிகளை அம்பலப்படுத்திப் புத்தகம் போட்டார். மேஜிக்கில் இதன் நல்ல உறவினர் 'பாக்கெட் ட்ரிக்'. சட்டைப் பை அல்ல, நாலைந்து சீட்டுள்ள சின்னக் கட்டு. 1950-களில் அலெக்ஸ் எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஓர் எண்ணும் முறையைக் கண்டுபிடித்தார்: நான்கு சீட்டை நான்காகவே எண்ணிக் காட்டுவார், ஆனால் ஒன்று கடைசிவரை கண்ணில் படாது. அதை வைத்து டாய் வெர்னன் அமைத்த வித்தையில், கவிழ்ந்திருக்கும் நான்கு ஏஸும் ஒவ்வொன்றாகத் தாமே மலரும்.

இவற்றை மதிப்பிடுவது கஷ்டமில்லை. ரம்மியில் சீட்டு எண்ணும்போது கை எப்படிப் போகிறதோ, வித்தையிலும் அப்படியே போக வேண்டும். வேகம் மாறினாலே பார்ப்பவர் மனசு உஷாராகிவிடும். நம் செப்பிடு வித்தைக்காரர் மாதிரி சுற்றிலும் ஆளை வைத்துக்கொண்டு செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கடைசியாக, சீட்டுகளை அப்படியே பார்ப்பவர் கையில் கொடுக்க முடிகிறதா என்று பாருங்கள். கடையில் விற்கும் பல செட்டுகளில் இரண்டு பக்கமும் முகம் அச்சடித்த சீட்டு இருக்கும்; அதனால்தான் முடிந்ததும் பர்ஸுக்குள் தள்ள அவ்வளவு அவசரம்.