அன்னிக்கு அம்மா, இன்னிக்கு வீடியோ கேம்

ஆட்டிசம் உள்ள பதின்ம வயதுப் பையன் கேம் ஆடிக்கிட்டு இருக்கான். நிறுத்தச் சொன்னா கத்துறான், கையில் கிடைத்ததைத் தூக்கி வீசுறான். பார்க்கிறவங்க உடனே தீர்ப்பு எழுதிடுவாங்க: "எல்லாம் அந்த கேமால வந்தது, பிடுங்கிப் போடுங்க." இப்படிச் சட்டுனு பழி போடுறதுக்கு 80 வருஷ வரலாறு இருக்குங்க. அதைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் வாங்க.

1943. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த டாக்டர் லியோ கானர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக முதலில் பரவலாகத் தெரிய வந்தது. இது பிறவியிலேயே வருவதுன்னு அதில் சொன்னவர், அந்தப் பெற்றோர்களில் பலர் அவ்வளவாகப் பாசம் காட்டுறவங்க இல்லைன்னும் சேர்த்து எழுதிட்டார். உலகம் பிடிச்சுக்கிட்டது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான்! "ஃப்ரிட்ஜ் அம்மா"ன்னு ஒரு பட்டமே உருவாச்சு. பெத்தவ மனசு பனிக்கட்டி, அதனால பிள்ளை உள்ளுக்குள்ள ஒடுங்கிப் போச்சாம்.

சிகாகோவில் மனநலப் பள்ளி நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு புத்தகம் போட்டு இந்தக் கருத்தை ஊரெல்லாம் கொண்டுபோனார். தாக்காவ், புக்கன்வால்ட் நாஜி முகாம்களில் கைதியாக இருந்தவர் அவர். முகாம் கைதியின் நிலையையும் இந்தக் குழந்தைகளின் நிலையையும் ஒப்பிட்டார். அப்போ அம்மா யாரு? நீங்களே யோசிச்சுக்கோங்க. பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து வைப்பதுதான் வைத்தியம்னு ஆச்சு. எத்தனை அம்மாக்கள் இந்தப் பழியைச் சுமந்துக்கிட்டே வாழ்ந்திருப்பாங்க!

இதை எதிர்த்து முதலில் பலமாகப் பேசியவர்களில் ஒருவர் ஒரு அப்பா. அமெரிக்கக் கடற்படையில் உளவியலாளராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட். அவர் மகனுக்கும் ஆட்டிசம். இது மூளை, உடல் சார்ந்த விஷயம், வளர்ப்பின் தப்பு இல்லைன்னு 1964-லேயே புத்தகம் எழுதினார். 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 ஜோடி இரட்டையர்களை ஆராய்ந்து, மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டுன்னு காட்டினாங்க. அம்மா மேல இருந்த பழி மெல்ல இறங்க ஆரம்பிச்சது. ஆனா பழி போடுற பழக்கம் மட்டும் போகலை.

2012 டிசம்பர் 14. அமெரிக்காவின் நியூடவுன் ஊரில் ஒரு 20 வயது இளைஞன் ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். அவனுக்கு ஆஸ்பெர்ஜர் இருந்தது, கேம் ஆடுவான்னு செய்தி வந்ததும் டிவிகளில் ரெண்டையும் கூட்டிக் கணக்குப் போட்டாங்க. பக்கத்தில் சவுதிங்டன் ஊரில், வன்முறை கேம்களைச் சேகரித்து அழிக்க ஏற்பாடு நடந்து, பிறகு கைவிடப்பட்டது. 2013 நவம்பரில் வந்த அரசு வழக்கறிஞரின் அறிக்கை, கொலைக்கான காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியலைன்னு முடிச்சது. அவன் துப்பாக்கி கேம்களும் ஆடியிருக்கான். ஆனா மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்தது, பாட்டுக்குத் தகுந்தபடி கால் வைத்து ஆடும் ஒரு டான்ஸ் கேமில்! அடுத்த வருஷம் அந்த மாநிலத்தின் குழந்தைகள் நல அலுவலகம், ஆட்டிசம் இந்தக் கொலைகளுக்குக் காரணம் இல்லைன்னு தெளிவாகவே சொல்லிடுச்சு.

சரி, ஆய்வுகள் என்ன சொல்லுது? 2013-ல் மிக்கா மசூரெக், கிறிஸ்டோபர் எங்கல்ஹார்ட் இருவரும் 8 முதல் 18 வயது வரையுள்ள 141 பையன்களின் பெற்றோரிடம் கேட்டாங்க. ஆட்டிசம் உள்ள பையன்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 2.1 மணி நேரம் ஆடினாங்க. ஆட்டிசமோ கவனக்குறைவுக் கோளாறோ இல்லாதவங்க 1.2 மணி நேரம். நிறுத்த முடியாமல் திணறுவதோடு அதிகம் சேர்ந்து வந்தது கவனக்குறைவு. எது எதுக்குக் காரணம்னு இந்த ஆய்வு சொல்லாது, ரெண்டும் சேர்ந்து இருக்குன்னுதான் சொல்லும். 2015-ல் இதே குழு 120 இளைஞர்களை வன்முறை உள்ள, இல்லாத கேம்களை ஆடவிட்டுப் பார்த்தது. அதில் பாதிப் பேருக்கு ஆட்டிசம். வன்முறை கேம் அவங்களை மத்தவங்களைவிட அதிகமாக ஆக்ரோஷப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கலை.

அதுக்காக கேமால ஒண்ணுமே ஆகாதுன்னு சொல்ல வரலைங்க. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டாலும் விட முடியலைன்னா அது பிரச்னைதான். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அதுக்குத் தனிப் பெயரே இருக்கு. ஆனா அங்கேயும் மணிக்கணக்கை மட்டும் பார்த்து முடிவு பண்றதில்லை.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் ஸ்டூவர்ட் டங்கன். கனடாக்காரர், நம்மளை மாதிரி வலைப்பதிவர்! மகனுக்கு ஆட்டிசம், அவருக்கும்தான். மைன்கிராஃப்ட் கேமில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மத்தவங்க சீண்டி, கட்டியதை இடிச்சு, துரத்துறாங்கன்னு பெற்றோர்கள் அவரிடம் புலம்பினாங்க. 2013 ஜூனில், அனுமதி வாங்கினவங்க மட்டும் நுழையுற மாதிரி 'ஆட்கிராஃப்ட்'னு தனி சர்வர் ஒன்றைத் திறந்தார். கொஞ்சப் பேர் வருவாங்கன்னு நினைச்சா, மடல்கள் நூற்றுக்கணக்கில் குவிஞ்சது. பதட்டம் வந்தா ஒதுங்கி இருக்க அமைதியான அறைகள்கூட உள்ளே உண்டு.

அவர் கேமைப் பிடுங்கலை. பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்குதுன்னு பார்த்தார். அங்கே விதிகள் மாறாது, முகத்தைப் பார்த்து மனசைப் படிக்க வேண்டாம், தோத்தா மறுபடி ஆடலாம். வெளியுலகம் தராததை கேம் தருது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து "டக்குனு எழுந்திரு"ன்னா கத்தாம என்ன பண்ணுவான்? ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதே அவங்களில் பலருக்குக் கஷ்டம். பத்து நிமிஷம் முன்னாடி சொல்லி, அந்த லெவல் முடியும்வரை விட்டுப் பார்க்கலாமே. எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்கும்னு இல்லை, ஆனா பிடுங்குறதுக்கு முன்னாடி செய்து பார்க்கக் காசு செலவில்லை.

அம்மாவைக் குற்றம் சொன்ன காலத்திலும் சரி, கேமைக் குற்றம் சொல்ற காலத்திலும் சரி, பெரும்பாலும் யாரும் பிள்ளையிடம் கேட்கலை. உங்க வீட்டிலோ சொந்தத்திலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தா, அடுத்த தடவை பக்கத்தில் உட்கார்ந்து, "இதில் உனக்கு என்னடா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. பேச வராத பிள்ளையா இருந்தா சும்மா கூடவே உட்கார்ந்து பாருங்க. என்ன தெரிஞ்சதுன்னு பின்னூட்டத்தில் சொல்லுங்க மக்களே.