மச்சான்: பிறந்த முறையும் ஆக்கிய முறையும்

குன்றாண்டார்கோவில் பக்கம் அசலூர்க்காரர் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், ஊர் பேர் விசாரித்த கையோடு வரும் கேள்வி, 'நமக்கு என்ன முறை வேணும்?' என்பதுதான். பதில் பங்காளி என்றோ மாமன் மச்சான் என்றோ அமைய வேண்டும். சாதிக்குள் மூன்றாவது பதில் கிடையாது. மூன்றாவது பதிலுக்கு உரியவர் அந்தத் திண்ணையில் உட்கார்ந்ததும் கிடையாது.

தாய்மாமன் மகன், அத்தை மகன், பெண்டாட்டியின் உடன்பிறந்தான், உடன்பிறந்தாளின் புருஷன் எல்லாருமே மச்சான். வயதுக்கும் வட்டாரத்துக்கும் தக்கபடி அத்தான், மச்சினன் என்று பேர் மாறும், வகை ஒன்றுதான். கல்யாணம் இந்த உறவை உண்டாக்குவதில்லை, தலைமுறையாகக் கைமாறி வரும் சம்பந்தத்தைப் புதுப்பிக்கிறது என்பது லூயி த்யூமோன் 1953-இல் முன்வைத்த வாதம். ஆண்டாள் கனவில் கைப்பற்ற வருகிறவனும் கணவனாவதற்கு முன்பே மைத்துனன்தான். முறை முந்தியது, மணம் பிந்தியது.

ஆனால் புதுக்கோட்டைச் சீமையின் வரலாறே த்யூமோனுக்கு இடக்காகத் தொடங்குகிறது. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி மறவர். அவர் மணந்த காதலி, கள்ளர் குலத்து ரகுநாதத் தொண்டைமானின் சகோதரி. இங்கே பிறப்பால் வந்த முறை எதுவுமில்லை, மச்சான் ஆக்கப்படுகிறான். 1686-வாக்கில் அந்த மச்சான் வசம் புதுக்கோட்டை விடப்படுகிறது. குன்றாண்டார்கோவிலை உள்ளடக்கிய குளத்தூர்ப் பகுதியும் தொண்டைமான் குடும்பத்தின் இன்னொரு கிளையிடம் இருந்து, பிறகு புதுக்கோட்டையோடு சேர்ந்தது. மேலாளுக்கும் கீழாளுக்கும் இடையிலான அரசியல் ஏற்பாடு, சமமானவர்களின் கொண்டு கொடுத்தலாகப் பேசப்பட்டது. சொல் செய்த வேலை இது. இரண்டு ஆண்களையும் மச்சான்களாக்கிய காதலியோ இந்தக் கதையில் ஒரு வாக்கியத்தைத் தாண்டுவதில்லை.

அப்படியானால் சாதி தாண்டியும் முறை உண்டாகுமா? உண்டாகும், பெண் கொடுக்கும் வீட்டின் பின்னால் வேல்கம்பு இருந்தால். 1915-இல் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆஸ்திரேலியப் பெண் மோலி பிங்கை மணந்தார். அந்தப் பெண்ணின் பிறந்தவீடு கடலுக்கு அப்பால். நாட்டுக்கூட்டத்தில் எழுந்து பேச ஒரு மாமன் மச்சான் இல்லை. வெள்ளை அரசும் அவரை ராணியாக ஏற்கவில்லை. தன் இனத்துப் பெண் என்பது அங்கே எடுபடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1916-இல் மகன் பிறந்தான். 1928-இல் தகப்பனார் இறந்தபோது பட்டம் அந்த மகனுக்கு வரவில்லை. ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போயிற்று.