மாண்ட குதிரைக்கும் விலை: செஞ்சிச் சீமையின் குதிரை வாணிகம்

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலை ஒட்டி வரிசையாக நிற்கும் வளைவுக் கூரை அறைகளுள் ஒரு பகுதி குதிரை லாயம் என்று சொல்லப்படுகிறது. விஜயநகரத்தாரின் நாயக்கர், பீஜப்பூர்ச் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர் என்று இக்கோட்டையை ஆண்ட எவருக்கும் குதிரையே போர் வாகனமாக இருந்தது. ஆயினும் நல்ல போர்க்குதிரை தமிழ்நாட்டு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் எளிதில் இனம் பெருகுவதில்லை. கடல் கடந்து வந்த குதிரையும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஆகவே வாங்கிய குதிரை பழுதானால் அந்த இழப்பு யார் தலையில் விழும் என்ற கேள்வி, இவ்வாணிகத்தின் தொடக்கம் முதலே உடன் இருந்து வந்தது.

அதற்குக் கிடைக்கும் தெளிவான பழைய விடைகளுள் ஒன்று, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபின் நூலில் உள்ளது. பாரசீக வளைகுடாவில் உள்ள கிஷ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது பாண்டியர் ஆண்ட சோழமண்டலக் கடற்கரைக்கு, அனுப்புவதென்றும், குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார் விலையென்றும், வழியில் குதிரை ஊனமுற்றாலும் மாண்டாலும் அதன் விலை அரச கருவூலத்திலிருந்தே தரப்படுமென்றும் உடன்பாடு இருந்ததாக அவர் எழுதுகிறார். இன்றைய உத்தரவாதம் விற்பவர் வாங்குபவருக்குத் தருவது. அன்றோ வாங்குபவரே விற்பவருக்கு அதைத் தந்திருக்கிறார். முற்பட்ட ஆண்டுகளில் இக்குதிரைகளின் விலை கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த கணிகையர் செலுத்திய வரியிலிருந்தும் கொடுக்கப்பட்டதால் கருவூலத்துக்குச் செலவே இல்லை என்று அவர் சேர்த்துச் சொல்வதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அரசன் ஏற்ற பொறுப்பைச் சுமந்தவர்கள் குதிரை ஏறவே வாய்ப்பில்லாதவர்கள்.

வந்திறங்கிய குதிரைக்கு நேர்ந்ததையும் அவரே விவரிக்கிறார். கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கயிற்றில் கட்டி வைத்தனர். பச்சை வாற்கோதுமைக்கு மாறாக வறுத்த வாற்கோதுமையும் நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தனர். பின் பயிற்சி ஏதுமின்றி, அங்கவடி என்னும் கால்மிதி கூட இல்லாமல், வீரர்கள் ஏறி விரட்டினர். வலிமை மிக்க குதிரையும் சில நாளில் சோர்ந்து பயனற்றுப் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்றும், குதிரை வைத்தியம் அறிந்த லாடக்காரர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர் என்றும் எழுதினார். அவருடைய எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் குறை குதிரையிடம் அன்று, வளர்ப்பிலேயே இருந்தது என்பதில் இரு சாட்சிகளும் ஒன்றுபடுகின்றன. அப்படியிருந்தும் ‘வளைகுடாக் குதிரை’ என்ற பெயரின் மதிப்பு குறையவில்லை.

விற்பவரின் பக்கத்து நியாயத்தைத் தமிழ் மரபு திருவிளையாடற் புராணத்தில் பதிந்து வைத்திருக்கிறது. நரியைப் பரியாக்கிய கதையில், குதிரைச் சேவகனாக வந்த இறைவன் பாண்டியனுக்குக் கயிறு மாறிக் கொடுக்கிறார். கயிறு கைமாறிய பிறகு குதிரைக்கு எது நேர்ந்தாலும் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்பதே அவ்வழக்கத்தின் பொருள். அன்றிரவே பரிகள் நரிகளாகின்றன. விற்றவர் அகப்படாததால், வாங்கப் போன அமைச்சர் வாதவூரரே தண்டிக்கப்படுகிறார்.

விஜயநகரக் காலத்தில் பழைய வாக்குறுதி இன்னும் விரிந்தது. குதிரை வணிகத்தில் ஈடுபட்டிருந்த போர்ச்சுக்கீசியர் நூனிஸ் ஏறத்தாழ 1535இல் எழுதிய குறிப்பின்படி, அரசர் சாளுவ நரசிம்மர் ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளை உயிருடனோ உயிரின்றியோ ஆயிரம் பர்தாவுக்கு மூன்று வீதம் ஏற்றார்; பர்தா என்பது அக்காலப் பொற்காசு. கடலில் மாண்டதற்கு வாலை மட்டும் அறுத்துக் கொண்டுவந்தால் போதும், முழு விலை கிடைத்தது. பேரரசன் நல்லவற்றைத் தன் லாயத்துக்கு வைத்துக்கொண்டு, உள்நாட்டுக் குதிரைகளை ஆயிரம் பர்தாவுக்கு ஐந்தாகத் தன் படைத்தலைவர்களுக்குக் கொடுத்து, செப்டம்பருக்குள் பணத்தை வாங்கி, அதைக் கொண்டே அரபுக் குதிரைக்கு விலை கொடுத்தான் என்றும் நூனிஸ் கூறுகிறார். செஞ்சி நாயக்கர் போன்று பேரரசுக்குப் படையும் திறையும் கடன்பட்டவர்கள் நின்ற இடம் இதுவே. அவர்களுக்கு வாலைக் காட்டிப் பணம் பெறும் வழி இருந்ததாக எக்குறிப்பும் சொல்லவில்லை.

1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியபோது வந்த படை வேறு கணக்கில் இயங்கியது. அரசின் குதிரையில் ஏறுபவன் பார்கீர். சொந்தக் குதிரையும் ஆயுதமும் கொண்டு வருபவன் சிலேதார். சிலேதாரின் குதிரை விழுந்தால் அவன் பிழைப்பும் விழுந்தது. அதனால் அவன் அதைப் பணயம் வைக்கத் தயங்கியது இயல்பே. சிவாஜி பார்கீர்களை மிகுதியாக நம்பியதற்கு இது முக்கியமான காரணமாகத் தோன்றுகிறது. 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையின்போது, மராத்தியத் தளபதிகள் சாந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் விரைவுப் படைகள் பெரும்பாலும் தக்காணத்துச் சிறு குதிரைகளில் வந்தன. உயரத்திலும் அழகிலும் அவை அரபுக் குதிரைக்கு நிகரில்லை. ஆனால் குறைந்த தீனியில் நெடுந்தூரம் ஓடின. விலையுயர்ந்த குதிரைகளோடு வந்த முற்றுகைப் படை பல முறை உணவின்றித் தவித்தது. நம்பகத்தைப் பெயரால் அன்றி உழைப்பால் அளந்தவர்கள் இவர்களே.

செஞ்சியின் மக்கள் நினைவோ இந்தக் கணக்குகளில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. 1714 அக்டோபரில் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானை எதிர்த்து மாண்ட செஞ்சித் தலைவன் தேசிங்குராசனின் கதைப்பாடல், தில்லி பாதுஷாவிடம் எவருக்கும் அடங்காதிருந்து தேசிங்குக்கு மட்டும் அடங்கிய பாராசாரி என்னும் குதிரையையும், அவன் நண்பன் மகமத்கானின் நீலவேணியையும் பெயர் சொல்லிப் பாடுகிறது. கணக்கேடுகளில் ஆயிரக்கணக்கில் எண்ணப்பட்ட குதிரைகளுள் இவ்விரண்டையும் தெருக்கூத்து மேடையும் சிறு பதிப்புப் புத்தகங்களும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெயர் சொல்லியே அழைத்து வந்திருக்கின்றன.