ஃபிளாஷ் போனபோது பாடங்களுக்கு என்ன ஆச்சு?

அறிவியலும் கணினியும் சொல்லித்தர இணையத்தில் எது நல்லா இருக்கும்னு ஆசிரியர்களாக இருக்கும் நேயர்கள் அடிக்கடி கேட்கிறீங்க. ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துடலாம். ஆனா அந்த மாதிரிப் பட்டியல்களுக்கு ஆயுசு ரொம்பக் கம்மி. அது ஏன்னு புரிய ஒரு மென்பொருளோட கதை தெரியணும். இந்த எபிசோட் அந்தக் கதைதான்.

2021 ஜனவரி 12. கொரோனாவால் உலகத்தின் பல ஊர்களில் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரம். ஆசிரியர்கள் வீட்டிலிருந்தே பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்த நாளில் அடோபி ஃபிளாஷ் பிளேயர் நின்றுபோனது. பழுதாகி நிற்கவில்லை, கவனிங்க. இந்தத் தேதிக்கு மேல் எதையும் ஓட்டாதே என்ற கட்டளையை அதன் கடைசி வெர்ஷன்களுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். ஆன்லைன் பாடங்கள் மிக அதிகமாகத் தேவைப்பட்ட மாதங்களில், அவற்றில் பல ஒரே நாளில் ஓடாமல் போயின.

கதை 1996-இல் தொடங்குகிறது. ஜோனதன் கே என்பவரின் ஃபியூச்சர்வேவ் என்ற சின்ன நிறுவனம் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று ஒன்றை வெளியிட்டது. சில மாதங்களில் மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் வைத்தது. 2005-இல் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கியது.

ஆசிரியர்களுக்கு இது ஏன் பிடித்தது? ஃபிளாஷ் ஒரு படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காது. இங்கேயிருந்து அங்கே ஒரு வளைகோடு போடு, உள்ளே நீலம் பூசு என்று குறிப்பாகச் சேமிக்கும். அதனால் ஃபைல் ரொம்பச் சின்னது. டெலிபோன் வயரில் வரும் டயல்-அப் இணைப்பிலும் இறங்கிவிடும். 2000-இல் ஃபிளாஷ் 5 வந்தபோது ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் மொழியும் கூடவே வந்தது. இப்போது படம் சொன்னபடி கேட்கவும் செய்யும். மின்தடையைக் கூட்டினால் பல்பு மங்கும், ஊசலின் நீளத்தைக் குறைத்தால் வேகமாக ஆடும். கரும்பலகையில் சாக்பீஸால் காட்ட முடியாத விஷயம் இது. கொஞ்சம் ஆர்வமுள்ள ஓர் இயற்பியல் ஆசிரியரே விடுமுறையில் உட்கார்ந்து செய்துவிட முடிந்தது. அப்படிச் செய்து சொந்த வலைப்பக்கத்தில் போட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள்.

சிக்கல் எங்கேன்னு கேட்டா, ஃபைல் வடிவத்தில்தான். ஃபிளாஷில் வேலை செய்பவரிடம் எஃப்எல்ஏ என்ற மூல ஃபைல் இருக்கும். வலையில் ஏற்றுவது எஸ்டபிள்யூஎஃப் என்ற தயாரான ஃபைல். முதலாவது மாவு, இரண்டாவது தோசை. வலையில் நமக்குக் கிடைத்ததெல்லாம் தோசை. பிரித்துப் பார்க்கும் கருவிகள் உண்டுதான், ஆனாலும் சுட்ட தோசையிலிருந்து மாவை எடுப்பது லேசான காரியம் இல்லை. செய்தவர் ஓய்வு பெற்றுவிட்டால், அவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கும் போயிருந்தால், அந்தப் பாடத்தைத் திருத்த ஆள் கிடையாது.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 2007-இல் வந்த ஐபோனில் ஃபிளாஷ் கிடையாது. 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் அதற்கான காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். 2017 ஜூலையில் அடோபியே 2020 இறுதியோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. இனி நம்ம ஊருக்கு வாங்க. 2018-இல் வரத் தொடங்கிய தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களில் இணையச் செயல்பாடு என்று ஒரு பகுதி இருக்கும். கியூஆர் கோடும் ‘உரலி’யும் போட்டிருப்பார்கள். யூஆர்எல்லுக்கு உரலி! கேட்டதும் மாவு அரைக்கிற உரல்தான் ஞாபகம் வரும், ஆனாலும் எனக்குப் பிடித்த சொல். யோசனை அருமையான யோசனை. ஆனால் அந்தப் பக்கங்கள் பலவற்றின் அடியில், பிரவுசர் கேட்டால் ஃபிளாஷ் பிளேயரை அனுமதிக்கச் சொல்லும் குறிப்பும் அச்சாகியிருக்கிறது. சாவுத் தேதி குறித்த பிறகு அச்சான குறிப்பு. அச்சான புத்தகத்தை அப்டேட் செய்ய முடியாது இல்லையா?

தப்பித்தவை எப்படித் தப்பித்தன? பெட் சிமுலேஷன்களை எடுத்துக்கோங்க. 2001-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், பரிசுப் பணத்தில் ஒரு பகுதியையும் போட்டு, 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஆரம்பகால சிமுலேஷன்கள் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் எழுதியவை. அதாவது, பின்னாளில் செத்துப்போன இரண்டு தொழில்நுட்பங்களிலும். பிரவுசர்கள் ஜாவா ஆப்லெட்டுகளைக் கைவிட்டது ஃபிளாஷுக்கும் முன்னாடியே நடந்துவிட்டது. 2013 வாக்கிலிருந்து பெட் குழு ஒவ்வொன்றாக எச்டிஎம்எல் 5-இல் திரும்ப எழுத ஆரம்பித்தது. மாவு அவர்களிடமே இருந்தது, அரைக்க ஆளும் இருந்தார்கள். இன்னொன்று ஸ்கிராட்ச். எம்ஐடியில் பிறந்து 2007-இல் வெளியானது. 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பு ஃபிளாஷை நம்பி இருந்தது. 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பை ஜாவாஸ்கிரிப்டில் கொண்டுவந்துவிட்டார்கள், காலக்கெடுவுக்கு இரண்டு வருஷம் முன்னால். அதுவும் குழந்தைகள் செய்து வைத்திருந்த பழைய புராஜெக்டுகளும் திறக்கிற மாதிரி. மென்பொருள் வேலையில் இருப்பவனாகச் சொல்றேன், புதுசு எழுதுவதைவிட இந்த வேலை கஷ்டம். யாரும் கைதட்டவும் மாட்டாங்க.

நிறுவன பலம் இருந்தால்தான் முடியும்னு நினைச்சுடாதீங்க. வால்டர் ஃபென்ட் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 1990-களிலேயே இயற்பியல் ஆப்லெட்டுகளை ஜாவாவில் எழுதியவர். பின்னர் அவற்றை எச்டிஎம்எல் 5-க்கு மாற்றினார். ஊசலும் சாய்தளமும் இன்றும் போனில் ஓடுகின்றன.

மீதியைக் காப்பாற்றும் முயற்சியும் நடக்கிறது. ரஃபுள் என்ற திறமூல மென்பொருள், ஃபிளாஷ் ஃபைல்களை இன்றைய பிரவுசரிலேயே ஓட்டிக் காட்டும். 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதைத் தன் தளத்தில் சேர்த்தது. ஃபிளாஷுக்காக அழுதவர்கள் பெரும்பாலும் கேம்களுக்காக அழுதார்கள், காப்பாற்றும் வேலையும் முதலில் கேம்களுக்கே போனது. பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்துக்கு யார் ரசிகர் மன்றம் வைப்பாங்க?

அதனால இனி ஒரு தளம் கிடைச்சா, அனிமேஷன் அழகை அப்புறம் பாருங்க. டவுன்லோட் பட்டன் இருக்கான்னு முதல்ல பாருங்க. இறக்கின பிறகு வைஃபையை அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்க. பெட்டின் எச்டிஎம்எல் 5 சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே ஃபைலாக இறங்கும், பென் டிரைவில் போட்டு இணையமே இல்லாத லேபிலும் ஓட்டலாம். மூல நிரல் கிட்ஹப்பில் திறந்தே இருக்கு. சிமுலேஷனில் வரும் சொற்களை ஒரு வலைப்பக்கத்திலேயே மொழிபெயர்க்கவும் வழி வச்சிருக்காங்க. அதுக்குக் கோடு எழுதத் தெரியணும்னு இல்லை. தமிழில் ஏற்கெனவே சில இருக்கு. உங்க பாடத்துக்குத் தேவையானது அதுல இல்லைன்னா, ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பாருங்க.