இரவற்சொல்லும் திரையிசையும்: ‘ஆர்க்கெஸ்ட்ரா’ வழி ஓர் ஒப்பாய்வு

1. ஆய்வுப் பொருள்

இரவற்சொல் எப்போது ஒரு மொழிக்குச் சொந்தமாகிறது? வடசொல் அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்கிறது தொல்காப்பிய எச்சவியல். இது ஒலி பற்றிய விதி. மக்களின் இன்பதுன்பங்களோடு ஒட்டிய பிறகே சொல் முழு உரிமை பெறுகிறது என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆங்கிலத்திலிருந்து தமிழும் ஜப்பானியமும் பெற்ற ‘ஆர்க்கெஸ்ட்ரா’ அதற்குச் சான்று.

2. ஜப்பானியம்: சுருக்கி ஏற்றல்

ஜப்பானியத்தில் பெரும்பாலும் மெய்யை அடுத்து உயிர் வந்தாக வேண்டும். ஆகவே ஆர்க்கெஸ்ட்ரா அங்கே ‘ஓகெசுதொரா’ ஆயிற்று. பின் ‘ஓகெ’ எனக் குறுகியது. வெறுமையைக் குறிக்கும் ‘கரா’வோடு சேர்ந்து ‘கரஓகெ’ பிறந்தது. பாடுபவர் இல்லாத பக்கவாத்தியம் என்று பொருள். கோபே நகரின் டைசுகே இனோவே 1971இல் உருவாக்கிய நாணயக் கருவிக்குப் பின் அது உலகெங்கும் பரவியது. அவர் காப்புரிமை பெறவில்லை. ஆங்கிலத்திடம் வாங்கிய சொல் புது உருவில் ஆங்கிலத்துக்கே திரும்பியது. நம் ஊர்க் கல்யாண மண்டபங்களிலும் ‘கரோக்கி’ ஆயிற்று.

3. ஆலங்குளம் வட்டாரம்: விகுதி சேர்த்து ஏற்றல்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்துள்ள ஆலங்குளம் சுற்றுப்பட்டில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் பொங்கல் திருவிழா இரவில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு. “இந்த வருஷம் ஆர்க்கெஸ்ட்ரா உண்டா?” என்பது திருவிழாக் கேள்வி. ‘ஆர்க்கெஸ்ட்ராக்காரர்’ என விகுதியும் ஏற்றுவிட்டது சொல். மேடையில் கீபோர்டுக்காரர் ஒருவரே வயலின் வரிசையையும் புல்லாங்குழலையும் வாசித்துவிடுவார். சரணத்துக்கு முந்தைய இசை படத்தில் வந்தபடியே விழுந்தால் கூட்டம் விசிலடிக்கும். பிசகினால் முகம் சுளிக்கும்.

4. உணர்ச்சி இயங்கும் முறை

வரியில்லாத அந்த இசைக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? திரையிசை, வசனத்துக்கு முன்பே காட்சியின் உணர்ச்சியைச் சொல்லிவிடுகிறது. பழைய தமிழ்ப் படங்களில் ஷெனாய் தனித்து ஒலித்தால் சாவோ பெருந்துயரோ வருவதை ரசிகர் உணர்ந்துகொள்வார். காட்சியோடு பழகிய இசை, கேட்பவரின் சொந்த நினைவையும் கிளறுகிறது.

1976இல் ‘அன்னக்கிளி’ படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமான இளையராஜா, அதற்கு முன் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர். மேடை திரைக்குக் கொடுத்ததைத் திரை மேடைக்குத் திருப்பித் தருகிறது.

திரையிசையின் உணர்ச்சி மொழி கடந்தும் செல்லும். ஏ.ஆர்.ரகுமான் இசையமைத்த ‘முத்து’ படம் 1998இல் ஜப்பானில் பெருவெற்றி பெற்றது. பொருளுக்கு வசனவரி உதவியது; தாளத்தையும் மெட்டையும் காதே வாங்கிக்கொண்டது. இரு நாட்டு இசைக்கும் பொதுவானதும் உண்டு: நான்காம், ஏழாம் சுரங்களை விலக்கிய ஜப்பானிய ‘யொநனுகி’ பெருஞ்சுர அடுக்கு, நம் மோகன ராகத்தின் அதே ஐந்து சுரங்கள்தாம்.

5. தொழில்வழக்கு

ஆங்கிலத் திரைத்துறையில் ‘ரீரெக்கார்டிங்’ ஒலித்தடங்களை ஒன்றுசேர்க்கும் வேலை. கோடம்பாக்கத்தில் அது பின்னணி இசை அமைப்பு, சுருக்கமாக ஆர்.ஆர். ஜப்பானியர் ‘ஆஃப்டர் ரெக்கார்டிங்’கை ‘அஃபுரெகோ’ ஆக்கிப் பின்னணிக் குரலுக்கு வழங்குகின்றனர். இரு மொழிகளும் தம் தொழிலுக்கேற்பப் பொருளை வார்த்துக்கொண்டன.

6. முடிவு

இச்சொற்களைப் பிழை என்று ஒதுக்குவது, அவற்றோடு சேர்ந்த வாழ்வையும் ஒதுக்குவதாகும். ‘பல்லியம்’, ‘இசைக்குழு’ ஆகியன அழகிய சொற்கள், அவை வாழட்டும். ஆனால் தமிழ் அகராதி ‘ஆர்க்கெஸ்ட்ரா’வுக்கு மேலைநாட்டு வாத்தியக் குழு என்ற பொருளோடு நின்றுவிடக் கூடாது. திருவிழாவில் திரைப்பாடல் பாடும் குழு என்ற பொருளை, வட்டாரக் குறிப்போடும் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடும் பதிய வேண்டும்.