மெழுகுருளையும் நாட்டுப் பாடலும்



1925ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தின் வடகிழக்கே, அபர்டீன் நகரில் ஒரு நூல் வெளியாயிற்று. அப்பகுதிக் கிராமங்களிற் பாடப்பட்டுவந்த பழங்கதைப் பாடல்களையும் அவற்றின் மெட்டுக்களையும் கொண்ட அந்நூலின் பெயர் ‘கடைசி இலைகள்’ என்று பொருள்படும் சொற்களோடு தொடங்குகின்றது. மரம் பட்டுவிட்டது; எஞ்சிய இலைகளைக் காற்று அடித்துச் செல்லுமுன் பொறுக்கி வைத்துவிட்டோம் என்பதே அப்பெயரின் கருத்து. அந்நூல் வெளியாகி 28 ஆண்டுகள் சென்றபின், அதே அபர்டீன் நகரில், தன் தாயிடம் செவிவழியாகக் கற்ற அத்தகைய பாடல்களைக் குறைவின்றிப் பாடக்கூடிய பெண்மணி ஒருத்தி வாழ்கின்றாள் என்பது தெரியவந்தது. நூல் வெளியான காலத்திலும் அவள் இருந்தாள். அவளிடம் சென்று கேட்பார்தாம் இருக்கவில்லை.

ஸ்கொத்லாந்து, அயர்லாந்து என்னும் இரு நாடுகளின் நாட்டுப் பாடலும் கருவியிசையும் முதலில் ஏட்டிலும், பின்னர் மெழுகிலும், இசைத்தட்டிலும், ஒலிநாடாவிலும் ஏறிய வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும். இவ்விரு நாடுகளையும் ஒருங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இடையே கிடப்பது ஒடுங்கிய கடல். இரு கரைகளிலும் பேசப்படும் கேலிக் மொழிகள் ஒரு தாயின் மக்கள். மெட்டுக்களும் மனிதரோடு வள்ளமேறி அங்குமிங்கும் போய்வந்தவை.

ஏட்டிலிருந்து தொடங்குவோம். 1792 யூலை மாதத்தில், அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில், யாழினத்தைச் சேர்ந்த ஹார்ப் என்னும் கருவியை வாசிப்போருக்கு விழா ஒன்று நடத்தப்பட்டது. அக்கலை நலிந்துவிட்ட காலம் அது. அயர்லாந்து முழுவதிலுமிருந்து பத்துப் பேரே வந்தனர். அவர்களுட் பலர் பார்வையற்ற முதியோர். டெனிஸ் ஹெம்ப்சன் என்பாருக்கு வயது 97. பித்தளைத் தந்திகளை நீண்ட நகங்களால் மீட்டும் பழைய முறையை அவர் ஒருவரே அங்குக் கையாண்டார். இவர்கள் வாசிப்பதை இசைக்குறியீட்டில் எழுதிக்கொள்ளும் பொறுப்பு, 19 வயதினரான எட்வர்ட் பண்டிங் என்னும் தேவாலய இசைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விளைஞர் அந்தப் பணியை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1796, 1809, 1840 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

அவர் எழுதியிராவிடில் நமக்கு ஒன்றுமே கிடைத்திராது. ஆயினும் அவர் அச்சிட்டவை பியானோவிற்கு ஏற்ப ஒழுங்குசெய்யப்பட்டவை. விரல் நகம் தந்தியிற் படும் ஓசையையும், ஒரு சுரம் ஒலித்து அடங்குமுன் அதனை மறு விரலால் தடுத்து நிறுத்தும் நுட்பத்தையும் ஐந்து கோடுகளுக்கிடையில் எழுதுவது எங்ஙனம்? ஹெம்ப்சன் 1807இல் மறைந்தார். அக்கருவியை மீண்டும் பழைய முறையில் வாசிக்க முயல்வோர், பெல்பாஸ்ட் பல்கலைக்கழகத்திற் பேணப்படும் பண்டிங்கின் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு, அவ்வோசையை ஊகித்தே அறிய வேண்டியுள்ளது.

ஸ்கொத்லாந்தில் இப்பணியைச் செய்தவர்களுள் கவின் கிரெக் என்பவர் ஒரு கிராமப் பாடசாலையின் தலைமை ஆசிரியர். என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதால் அவரைப் பற்றிச் சற்றே விரித்துச் சொல்வதை நேயர்கள் பொறுத்தருள்க. 1904ஆம் ஆண்டளவில் அபர்டீனைச் சேர்ந்த கழகமொன்று இவ்வேலையை அவரிடம் ஒப்படைத்தது. பாடசாலை வேலை முடிந்த பின்னர் வீடு வீடாகச் சென்றார். உள்ளூர்ப் பத்திரிகையிற் பாடல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். அதை வாசித்தவர்கள் தத்தமக்குத் தெரிந்தவற்றை அனுப்பினர். அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் டங்கன் என்னும் போதகர், தம் உடன்பிறந்த சகோதரி ஒருவரிடமிருந்தே நூற்றுக்கணக்கான பாடல்களைப் பெற்றார். நூலகத்திலே தேடியது அடுப்பங்கரையில் இருந்தது! இருவரும் சேர்த்தவை மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை. கிரெக் 1914இலும் டங்கன் 1917இலும் காலமாயினர். அவர்களது தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக முழுமையாய் அச்சேறியது 1981க்கும் 2002க்கும் இடையிலேதான். தொடக்கத்தில் நான் கூறிய ‘கடைசி இலைகள்’ அதிலிருந்து முன்னதாக எடுத்த ஒரு பகுதி. இவர்கள் சென்றது பெரும்பாலும் வீடுவாசலுடைய குடியானவரிடமும் பண்ணையாட்களிடமும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

எடிசன் 1877இல் பேசும் பொறியைக் கண்டுபிடித்தார். சிறிது காலத்தில் மெழுகு பூசிய உருளையில் ஓசையைப் பதியும் முறை வழக்கிற்கு வந்தது. அயர்லாந்து இசையை இம்முறையிற் பதிந்தவர்களுள் ஒருவர், வியப்பாயிருக்கலாம், அமெரிக்காவின் சிக்காகோ நகரப் பொலிஸ் தலைவர். கோர்க் மாவட்டத்திற் பிறந்து, கப்பலேறிப் போய், 1901 முதல் 1905 வரை அப்பதவியை வகித்த பிரான்சிஸ் ஓநீல் என்பாரே அவர். வறுமையும் பஞ்சமும் அயர்லாந்து மக்களை அமெரிக்காவிற்குத் துரத்தியிருந்தமையால், தாய்நாட்டின் எல்லா மாவட்டங்களின் மெட்டுக்களையும் ஒரே நகரிற் கேட்கக்கூடிய நிலை சிக்காகோவில் இருந்தது. ஓநீலுக்குக் குழல் வாசிக்கத் தெரியும்; இசைக்குறியீடு எழுதத் தெரியாது. அவர் நினைவிலிருந்து வாசிக்க, அதே குடும்பப் பெயர் கொண்ட பொலிஸ் அதிகாரி ஒருவர் எழுதினார். 1903இல் 1,850 மெட்டுக்களுடன் அவர்தம் பெருநூல் வெளியாயிற்று. பாட்சி டூஹி என்னும் சிறந்த பைக்குழல் கலைஞரின் வாசிப்பை அவர் மெழுகுருளைகளிற் பதிந்தும் வைத்தார். பைக்குழலென்பது தோற்பையிற் காற்றை நிரப்பி வாசிப்பது. ஸ்கொத்லாந்தில் அதனை வாயால் ஊதுவர். அயர்லாந்தில் முழங்கையாற் சிறு துருத்தியை இயக்கிக் காற்றூட்டுவர்.

மெழுகுருளை ஆராய்ச்சியாளரின் கருவி, இசைத்தட்டோ வாணிபம். 1921 முதல் 1936 வரை நியூயோர்க்கில் வயலின் வாசித்துத் தட்டுக்களை வெளியிட்ட மைக்கல் கோல்மன், 1891இல் ஸ்லைகோ மாவட்டத்தின் சிற்றூரொன்றிற் பிறந்து 1914இல் அமெரிக்கா சென்றவர். அவருடைய தட்டுக்கள் உறவினர் அனுப்பும் பொதிகளோடு அயர்லாந்திற்குத் திரும்பின. கிராமபோன் பெட்டி இருந்த வீட்டில் ஊரார் கூடினர். கேட்டதை அப்படியே வாசிக்க இளைஞர் முயன்றனர். அதுவரை டொனிகோலில் ஒரு பாணி, கிளேயரில் ஒரு பாணி, கெரியில் வேறொரு பாணி எனப் பல இருந்தன. ஸ்லைகோப் பாணி மற்றவற்றின் மேல் ஏறி நின்றது. தட்டு வருமுன் தம் ஊரிற் பேர்பெற்றிருந்த வாசிப்பாளர் சிலர், தமது வாசிப்பு மட்டமானதென்று எண்ணி வில்லைக் கீழே வைத்ததாகவும் சொல்வர். கோல்மன் மீது இதற்குக் குற்றமில்லை. அவர் நன்றாக வாசித்தார், அவ்வளவே.

ஒரு பக்கத்தில் மூன்று நிமிட நேரமே கொள்ளும் அத்தட்டின் அளவும் இசையை மாற்றியது. ஆடுவோர் களைக்குமட்டும் நீளும் நடன மெட்டை மூன்று நிமிடத்துக்குள் அடக்க வேண்டியதாயிற்று. 1934இல் கோல்மன் மூன்று மெட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரு தட்டில் வாசித்தார். இன்றும் அயர்லாந்திலும் அயலிலும் இசைஞர் கூடுமிடத்தில் முதலாவதைத் தொடங்கினால், மற்ற இரண்டும் அதே வரிசையிற் பின்தொடர்வதைக் கேட்கலாம். அம்முதல் மெட்டின் பெயர் டார்போல்டன். அது ஸ்கொத்லாந்தின் எயர் பிரதேசத்து ஊரொன்றின் பெயர். ஸ்கொத்லாந்தில் தோன்றி, அயர்லாந்திற்குச் சென்று, நியூயோர்க்கிற் பதிவாகி, மீண்டும் கடல்கடந்து வந்த மெட்டு அது.

இனி, அரசும் பல்கலைக்கழகமும் இதில் இறங்கிய காலம். அயர்லாந்து அரசு 1935இல் நாட்டார் மரபுகளைத் திரட்ட ஓர் ஆணைக்குழுவை நிறுவியது. அதன் இசை சேகரிப்பாளராக 1942இற் சேர்ந்த சீமஸ் எனிஸ், தாமே சிறந்த பைக்குழல் வித்துவான். உலகப் போரினாற் பெற்றோல் கிடைக்காத காலம். சைக்கிளிலேயே மேற்குக் கரையோரக் கிராமங்களுக்குச் சென்றார். கொனிமாராவில் கொல்ம் ஓ கீயின் என்னும் ஏழை மீனவ விவசாயி ஒருவரிடம் மட்டும் இருநூறுக்கு மேற்பட்ட பாடல்களை எழுதியெடுத்தார். பாடுவோருடன் வைக்கோல் அள்ளியும் படகு வலித்தும் பழகினாலன்றிப் பாட்டு வெளிவராது என்பதை எனிஸ் அறிந்திருந்தார். பின்னர் 1950களில் பி.பி.சி. வானொலிக்காக அவர் ஒலிப்பதிவு செய்த பாடல்கள் பிரித்தானியா முழுவதும் ஞாயிறு தோறும் ஒலித்தன.

அதே ஆணைக்குழுவிற் பயின்றவர் கலம் மக்லீன். ஸ்கொத்லாந்தின் ராசே தீவிற் பிறந்த கேலிக் மொழியாளர். 1951 சனவரியில், எடின்பரோப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு நிறுவிய ஸ்கொத்லாந்துக் கல்விக்கூடத்தின் முதற் சேகரிப்பாளராகப் பொறுப்பேற்றார். தீவுகளிலும் மலைநாட்டிலும் நடந்தும் பஸ்ஸேறியும் சென்று, முதியோரின் கதையையும் பாட்டையும் பதிந்தார். புற்றுநோயால் 1957இல் ஒரு கையை இழந்தார். அதன்பின்னும் வேலையை நிறுத்தவில்லை. 1960இல் தென் யூயிஸ்ற் தீவிலே, 44ஆம் வயதில் மறைந்தார்.

அவர் சென்ற அத்தீவுகளில், அவருக்கு முன்பே ஜோன் லோர்ன் காம்பெல்லும் அவர் மனைவி மார்கிரட் ஃபே ஷோவும் சேகரித்து வந்தனர். அவர்கள் திரட்டியவற்றுட் சிறந்தவை துணி அடிக்கும் பாடல்கள். தறியிலிருந்து எடுத்த கம்பளித் துணியை நனைத்து, நீண்ட பலகையின் இரு மருங்கும் பெண்கள் அமர்ந்து, அது தடித்து இறுகும்வரை தாளத்தோடு அடிப்பர். ஒருத்தி அடி எடுக்க மற்றோர் ஏற்றுப் பாடுவர். சில பாடல்கள் 17ஆம் நூற்றாண்டின் போர்களையும் காதலையும் கூறுவன. ஆலைத்துணி வந்ததும் அவ்வேலை நின்றது. வேலை நின்றால் வேலைப்பாட்டு எங்கே நிற்கும்? நல்ல வேளையாக, அதனைச் செய்து பழகிய பெண்கள் உயிரோடிருக்கும்போதே அவர்கள் குரல் பதிவாயிற்று.

இப்போது அபர்டீனுக்குத் திரும்புவோம். 1951இல் அலன் லோமாக்ஸ் என்னும் அமெரிக்கர் ஒலிநாடாப் பொறியுடன் ஸ்கொத்லாந்திற்கு வந்தபோது, அவருக்கு வழிகாட்டியாய் நின்றவர் கவிஞரான ஹாமிஷ் ஹென்டர்சன். பின்னர் ஹென்டர்சன் எடின்பரோக் கல்விக்கூடத்திற் சேர்ந்தார். தகர வேலை செய்தும், பழந்துணியும் பழம்பொருளும் வாங்கி விற்றும் ஊரூராய்த் திரியும் நாடோடிக் குடும்பங்கள் அந்நாட்டில் உண்டு. ஊரார் அவர்களை வாசலில் நிற்க விடுவதும் அரிது, வசைச்சொல்லாலேயே அழைப்பர். அவர்களிடம் பாட்டிருக்கும் என ஹென்டர்சன் எண்ணினார். சந்தையில் விசாரித்து, 1953இல் ஜீனி ராபர்ட்சனின் வீட்டை அடைந்தார். 1908இல் நாடோடிக் குடும்பத்திற் பிறந்து அபர்டீனிற் குடியமர்ந்தவர் அவ்வம்மையார். அறிஞர் உயிரோடில்லை எனக் கருதிய கதைப் பாடல்களை, அவர் எவ்விதத் தயக்கமுமின்றி, பின்னணிக் கருவி ஏதுமின்றிப் பாடினார். 1955இல் ஹென்டர்சன், பிளேர்கௌரிப் பக்கத்துப் பழத்தோட்டங்களிற் கனி பறிக்கக் கூடும் நாடோடிகளின் கூடாரங்களுக்கு நடுவே சென்று பதிவு செய்தபோது, பாட்டு அங்கும் பெருக்கெடுத்திருந்தது.

கடைசி இலைகள் என்றவர்கள் கண்டது மரத்தின் ஒரு பக்கத்தை மட்டுமே. மறுபக்கம் தாழ்ந்தவர் என ஒதுக்கப்பட்டவரின் கூடாரத்தின் மேல் நிழல் செய்துகொண்டிருந்தது. ஜீனி ராபர்ட்சனுக்கு 1968இல் அரச விருது வழங்கப்பட்டது. அபர்டீனுக்குத் தெற்கே சற்றுத் தொலைவிலுள்ள கின்கார்டின் பிரதேசமே, நம் நாட்டின் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் பிறந்த மண் என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம்.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1959இல் டப்ளினில் கிளாடா என்னும் இசைத்தட்டு நிறுவனம், லியோ ரௌசம் என்னும் பைக்குழல் ஆசானின் நெடுந்தட்டுடன் தொடங்கியது. 1962இல் உருவான சீஃப்டன்ஸ் குழு இவ்விசையை உலக அரங்குகளுக்குக் கொண்டுசென்றது. 1970களில் பிளாங்ஸ்டி போன்ற குழுக்களின் தட்டுக்கள் இளைஞரைக் கவர்ந்தன. அக்குழுவிற் பைக்குழல் வாசித்த லியம் ஓஃபிளின், ரௌசமிடம் பயின்றவர். சீமஸ் எனிஸ் 1982இல் இறந்தபோது தமது பைக்குழலை அவருக்கே விட்டுச் சென்றார். புதியோர் பழம்பதிவுகளைத் தேடிக் கேட்டுக் கற்கின்றனர். 1987இல் டப்ளினில் மரபிசைக் காப்பகம் நிறுவப்பெற்றது. எடின்பரோக் கல்விக்கூடத்தின் நாடாக்களும், காம்பெல் தம்பதியின் பதிவுகளும், பி.பி.சி.யின் கேலிக் பதிவுகளும் சேர்ந்து, 2010 முதல் எவரும் இணையத்திற் கேட்கும்படி வைக்கப்பட்டுள்ளன. வட யூயிஸ்ற் தீவைச் சேர்ந்த ஜூலி ஃபௌலிஸ் போன்ற இக்காலப் பாடகிகளுக்கு அப்பெட்டகம் ஒரு பாடசாலை.

ஒன்றைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. அயர்லாந்து ஆணைக்குழுவின் சேகரிப்பாளர்கள் கதைகளையும் பாடல்களையும் மெழுகுருளையிற் பதிந்தனர் அன்றோ? ஆணைக்குழுவிற்குப் பணம் போதாது, உருளைகள் விலைகூடியவை. ஆகவே பதிந்ததை ஒரு முறை கேட்டு ஏட்டில் எழுதியதும், மெழுகின் மேற்பரப்பைச் சீவி, வழவழப்பாக்கி, அடுத்த ஊரில் அடுத்த முதியவருக்கு முன்னால் அதே உருளையை வைத்தனர். சில உருளைகள் தப்பின; பெரும்பாலானவை சீவப்பட்டன. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. இருந்த சிறு தொகையில் அவர்கள் செய்தது பெரிது. அவ்வேடுகள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இன்றும் உள்ளன. பாடியவர் பெயர், வயது, ஊர், பதிந்த நாள், பாடலின் சொற்கள் அனைத்தும் அழகிய கையெழுத்தில் வரிசையாக இருக்கின்றன. குரல் இருந்த இடத்தில், வேறொருவரின் குரல் பதிவதற்காகச் சீவப்பட்ட மெழுகுத் தூள் விழுந்தது.